பழுதுபார்க்கும் அறைக்கு எந்த மேசை?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் பிரிவுக்குத் தனி அறை தந்திருக்கிறார்கள். மேசைக்குக் கிரானைட் பதித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. கொட்டேஷனிலோ எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எதை எடுப்பது? – வாசகர், நாமக்கல்

பதில்: கருவியின் மூடியைக் கழற்றி வேலை செய்யும் மேசைக்கு இரண்டுமே வேண்டாம். ஸ்டீல்மேல் சர்க்யூட் போர்டை வைத்து ஆன் செய்தால் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை லீக்கேஜ் கரண்ட் சோதனையில், அதாவது கருவியின் உடலுக்குக் கசியும் மின்சாரத்தை அளப்பதில்தான். எர்த் ஆகியிருக்கும் ஸ்டீல் மேசையில் கருவியின் உலோக உடல் பட்டால், கசிவில் ஒரு பங்கு மேசை வழியாகவே இறங்கிவிடும். கசிவை அளக்கும் அனலைசர் குறைத்துக் காட்டும். தேறக் கூடாத கருவி தேறிவிட்டதாக வார்டுக்குப் போய்விடும். கிரானைட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கை நழுவினால் டிஸ்ப்ளே மிஞ்சாது. சுவரோடு பதித்த கல்லை நாளைக்கு நகர்த்தவும் முடியாது.

25 மி.மீ. பிளைவுட்டில் லேமினேட் ஒட்டி, சதுர இரும்புக் குழாய்ச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். நீளம் 180 செ.மீ., அகலம் 75 செ.மீ. தச்சர்கள் பழக்கத்தில் 60 செ.மீ. வைப்பார்கள், அது சமையல் மேடைக்குச் சரி. இங்கே அனலைசரும் மானிட்டரும் ஏறியபின் கை ஊன்ற இடமிருக்காது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 75 செ.மீ. உயரம், நின்று செய்வதற்கு 90.

ஸ்டீல் மேசை ஒன்று வாங்குங்கள், வாசலருகே, சிங்க் பக்கத்தில் போட. வார்டிலிருந்து வரும் சிரிஞ்ச் பம்பும் சக்ஷன் மெஷினும் முதலில் அங்கேதான் இறங்க வேண்டும். துடைத்துக் கிருமி நீக்கிய பிறகுதான் உள்மேசைக்கு. ஹைப்போகுளோரைட் போட்டால் சற்று நேரத்தில் வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்; விட்டால் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

கேள்வி: நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமலிருக்க ஆன்டிஸ்டேட்டிக் மேட் விரித்தாயிற்று. அதுவே போதாதா?

பதில்: விரித்தால் மட்டும் அது வெறும் ரப்பர் விரிப்பு. மேட்டிலிருக்கும் ஸ்னாப் பட்டனிலிருந்து ஒயர் எடுத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். வேலை செய்பவர் கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டையும் அதே எர்த் புள்ளிக்கு வர வேண்டும். பட்டையின் ஒயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த ஒயர் வழியே 0.23 மில்லி ஆம்பியருக்குமேல் போகாமல் தடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு நேர் ஒயர் போடுவது உயிரோடு விளையாடுவது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைத் திறந்து வைத்து, மின்சாரம் இருக்கும்போது வேலை செய்தால் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அதன் கெப்பாசிட்டரில் சில ஆயிரம் வோல்ட் நிற்கும். 1 மெகாஓம் அதற்கு ஈடுகொடுக்காது. மேட்டை வாரம் ஒருமுறை துடையுங்கள். தூசியும் சால்டரிங் ஃப்ளக்ஸும் படிந்தால் கடத்தும் தன்மை போய்விடும்.

கேள்வி: சாக்கெட் எத்தனை? வென்டிலேட்டரையும் மேசையில் ஏற்றலாமா?

பதில்: மேசைக்கு எட்டு, அதில் இரண்டு 16 ஆம்பியர். பின்பக்கம், மேசை மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். முன்விளிம்பில் வைத்தால் சிந்தும் சலைன் நேரே உள்ளே போகும். ஒவ்வொரு மேசைக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றில் கட்டினால், எங்கோ ஒரு பழுதான ஹீட்டர் டிரிப் செய்ய, பக்கத்து மேசையில் ஒரு மணி நேரமாக ஓடிய இன்ஃபியூஷன் பம்ப் சோதனையும் வீணாகும்.

வென்டிலேட்டர், அனஸ்தீசியா மெஷின் எல்லாம் தம் சக்கரத்திலேயே நிற்கட்டும். அவற்றுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெறுந்தரையும் ஆக்சிஜன், மெடிக்கல் ஏர் அவுட்லெட்டும் வேண்டும். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெயும் கிரீஸும் படவே கூடாது, தீப்பிடிக்கும். அதனால் எண்ணெய் டப்பா, வைஸ், டிரில்லிங் மெஷினுக்கு வேறு மூலையில் தனி மேசை. உலோகத்தூள் போர்டில் விழாது. எடை பார்த்துப் பம்பின் ஓட்டத்தை அளக்கும்போது தராசும் அதிராது.