வளைவா, ரொக்கமா? இறந்த படைவீரரின் குடும்பத்துக்கு ஊர் செய்யக்கூடியது

கேள்வி: நாங்கள் நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் எட்டு ஆண்டுகள் ராணுவத்தில் சிப்பாயாக இருந்து, வடக்கே பணியின்போது ராணுவ வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டார். மனைவிக்கு 26 வயது. 3 வயதில் பெண் குழந்தை. அரை ஏக்கர் தேயிலை. ஊரில் பணம் திரட்டியிருக்கிறோம். அவர் பெயரில் நுழைவு வளைவு கட்டலாம் என்று சிலரும், ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். 'சம்பளம் வாங்கித்தானே போனார், அரசு பார்த்துக்கொள்ளும்' என்ற பேச்சும் இருக்கிறது. எது சரி?

பதில்: வளைவு காத்திருக்கலாம், ரொக்கத்துக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. முதல் சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு அதிகம் தேவைப்படுவது, அலுவலகங்களுக்கு உடன் வரக்கூடிய, தாள்களைப் படித்துச் சொல்லக்கூடிய, நம்பகமான ஓர் ஆள்.

காரணத்தைச் சொல்கிறேன். அவருக்குக் கிடைக்கப்போகும் குடும்ப ஓய்வூதியம், அந்த மரணத்தை ராணுவம் எந்த வகையில் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தது. இயற்கையான காரணத்தால் நேர்ந்த, பணியோடு தொடர்பில்லாத மரணம் என்று முடிவானால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்: முதல் 10 ஆண்டுகளுக்குக் கடைசி ஊதியத்தில் 50 சதவீதம், அதன்பின் 30 சதவீதம். பணியால் நேர்ந்த மரணம், பணியிலிருந்தபோது நேர்ந்த விபத்து என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ தீவிரவாதிகளின் தாக்குதலிலோ இறந்தவரின் குடும்பத்துக்கு முழு ஊதியமும் ஓய்வூதியமாக வரும். கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அகவிலைப்படி நீங்கலாக, சிறப்பு ஓய்வூதியம் 24,000. சாதாரணமானது 20,000, பத்தாண்டுக்குப் பிறகு 12,000. குழந்தை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது வருமானம் பாதியாகிறதா இல்லையா என்பது இன்று ஒரு தாளில் எழுதப்படும் ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே, ராணுவ விசாரணையின் முடிவு என்ன, விபத்தின்போது அவர் பணியில் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டு, நகல் பெற்றுக்கொள்ளுங்கள். பணியை நிறைவேற்றும்போது நேர்ந்த விபத்து என்றால் மத்திய அரசின் கருணைத்தொகை 25 லட்சம் ரூபாய்க்கும் அதுவே ஆதாரம். முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே, சென்னையில் அமர்வுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

எங்கே கேட்பது? இறந்தவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் உங்களுக்கு வசதி. அதன் ரெக்கார்டு ஆபீஸ் (வீரர்களின் பணி ஏடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) குன்னூர் பக்கத்து வெலிங்டனிலேயே இருக்கிறது. பீரங்கிப் படை என்றால் நாசிக், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு. எதுவானாலும், உதகையில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் பதிவு செய்துவிடுவது நல்லது. கைம்பெண் அடையாள அட்டை, பிள்ளையின் படிப்புக்குப் பிற்காலத்தில் வேண்டியிருக்கும் சார்ந்தோர் சான்று, மாநில அரசின் உதவிகள் ஆகியவற்றுக்கு அதுதான் வழி.

பெரும்பாலும் சிக்குவது பெயரில். ராணுவ ஏட்டில் மனைவி 'லட்சுமி' என்று இருப்பார், ஆதாரில் 'மகாலட்சுமி'. தந்தையின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், மற்றோரிடத்தில் விரித்து எழுதப்பட்டிருக்கும். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வழியே வருவதால், எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஹட்டியில் முறைப்படி நடந்த திருமணம் ஊருக்கே தெரிந்ததுதான் என்றாலும், பதிவுச் சான்று இல்லாமலும், படைப்பிரிவில் 'பார்ட் டூ ஆர்டர்' (திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றை வீரரின் ஏட்டில் ஏற்றும் ஆணை) போடாமலும் விட்டிருந்தால் அந்த ஊரறிந்த செய்தியை அலுவலகம் ஏற்காது. உங்கள் குழுவில் கையெழுத்தும் கணினியும் தெரிந்த ஒருவர் இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டால், திரட்டிய பணத்தைவிடப் பெரிய உதவி அது.

'சம்பளம் வாங்கித்தானே போனார்' என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இந்த நாட்டில் கட்டாய ராணுவ சேவை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஏறத்தாழ 25 லட்சம் இந்திய வீரர்களும் தாமாகச் சேர்ந்தவர்களே. ஆனால் சேர்வதுதான் விருப்பம். சேர்ந்த பிறகு, அரசியலமைப்பின் 33ஆம் பிரிவும் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் அவருக்குச் சங்கம் அமைக்கவோ, அனுமதியின்றிப் பத்திரிகையில் பேசவோ இடம் தருவதில்லை. தோட்டத் தொழிலாளி கூலிக்காகக் கொடி பிடிக்கலாம், சிப்பாய் முடியாது. தனக்காகப் பேசும் உரிமையை விட்டுக்கொடுத்தவரின் குடும்பத்துக்காக வெளியே இருப்பவர்கள் பேசுவதைத் தருமம் என்று நான் சொல்லமாட்டேன், அது கடன்.

உங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது, உள்ளே இருப்பது முப்படைத் தலைமைத் தளபதி என்று தெரியாமலேயே தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள்.

அரை ஏக்கர் தேயிலையை மறந்துவிடாதீர்கள். அந்தப் பெண் உதகைக்கும் வெலிங்டனுக்கும் அலையும் நாட்களில் இலை முற்றிவிடும். முற்றிய இலைக்கு ஃபாக்டரியில் விலை கிடைக்காது. முறை வைத்து இலை பறித்துக் கொடுங்கள்; செடிகளைக் கவாத்து செய்யும் (கிளை வெட்டும்) நேரத்தில் ஆள் அனுப்புங்கள்.

திரட்டிய பணத்தை மேடை போட்டு, படம் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவருடைய வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, வரவு விவரத்தை எழுதிக் கொடுங்கள். குழந்தைக்கு 10 வயது ஆகவில்லை என்பதால், தாய் விரும்பினால் அதில் ஒரு பகுதியைச் செல்வமகள் சேமிப்பில் போடலாம், ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை ஏற்பார்கள். முடிவு அவருடையது. மாமனார், மாமியாருக்கும் வயதான காலம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைக் குடும்பத்துக்குள் பேசட்டும், ஊர்க்கூட்டத்தில் பஞ்சாயத்து ஆக்காதீர்கள். மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடும் என்று அவரை யாரும் பயமுறுத்தவும் வேண்டாம்; குழந்தையைத் தொடர்ந்து பராமரிக்கும் தாய்க்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தால் தானாக நின்றுவிடாது.

நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. 48 லட்சம் ரூபாய் காப்பீடும், பணியால் நேர்ந்த மரணமென்றால் 44 லட்சம் கருணைத்தொகையும் உண்டு. மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. உங்கள் ஹட்டியிலிருந்து 2022க்குப் பிறகு சேர்ந்த பையன்கள் இருந்தால், அவர்கள் வீட்டாருக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உதவி கேட்டு அந்தப் பெண்ணின் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். 'பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்பு வந்தால் துண்டிக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் அன்றே 1930 எண்ணில் புகார் செய்ய வேண்டும்.