லைனர் நழுவுகிறதா? எங்கே நழுவுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடியில் உள்ள ஊசி செயற்கைக் காலுக்குள் பூட்டிக்கொள்ளும் ‘பின் லாக்’ வைத்த சிலிகான் லைனர் (எஞ்சிய காலின் மேல் போடும் உறை) போடுகிறேன், முதல் செயற்கைக் காலோடு கொடுத்த அதே அளவுதான். கூரியர் வேலை என்பதால் நாள் முழுக்க வண்டியும் மாடிப்படியும்தான். ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுவேன். மதியத்துக்குள் வியர்த்து, கால் கழன்றுவிடும் போல ஆகிறது. முன்னெலும்பின் நுனியில் தோலும் உரிகிறது. விலை கூடிய லைனர் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் அந்தத் தோலைக் கவனியுங்கள். உரிந்த இடம் காய்ந்து மூடும்வரை செயற்கைக் காலைப் போடாதீர்கள். வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும், கஷ்டம்தான். ஆனால் பச்சைப் புண்ணின் மேல் லைனரை ஏற்றி நடந்தால், சில நாளில் ஆற வேண்டியது வாரக்கணக்கில் இழுக்கும். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்ன உராய்வுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து நழுவல். இது இரண்டு இடத்தில் நடக்கலாம்: தோலுக்கும் லைனருக்கும் நடுவில், அல்லது லைனருக்கும் சாக்கெட்டுக்கும் (செயற்கைக் காலில் உங்கள் கால் நுழையும் கூடு) நடுவில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புண் ஆறியபின் காலையில் லைனர் போட்டதும், அதன் மேல் விளிம்பை ஒட்டித் தோலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கூடவே, சாக்கெட்டுக்குள் பின் எத்தனை ‘கிளிக்’ இறங்குகிறது என்று எண்ணுங்கள். மதியம் இரண்டையும் மறுபடி பாருங்கள்.

கோட்டிலிருந்து லைனர் கீழே இறங்கியிருந்தால் நழுவல் தோலில் நடக்கிறது. வியர்வை ஒரு காரணம். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அளவு மேல்தான். காலை எடுத்தபின் முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம்வரை ஸ்டம்ப் (எஞ்சியிருக்கும் கால் பகுதி) சுருங்கிக்கொண்டே போகும். அப்போது எடுத்த அளவு இப்போது பெரிதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். லைனர் தளர்ந்தால் அடியில் காற்றும் வியர்வையும் தேங்கும், தோல் உராயும். பல கம்பெனி லைனர்களுக்கு ஸ்டம்ப் நுனியிலிருந்து 4 செ.மீ. மேலே சுற்றளவு எடுத்து, அதற்குச் சமமான அளவையோ அடுத்த சிறிய அளவையோ தேர்ந்தெடுப்பார்கள். பிடிமானம் வேண்டும் என்று இன்னும் சிறியதாகப் போனால் மரத்துப்போகும், மேல் விளிம்பில் கொப்புளம் வரும்.

கோடு அப்படியே இருந்து, காலையைவிட மதியம் கிளிக் கூடியிருந்தால் லைனர் மேல் குற்றமில்லை. பகலில் ஸ்டம்ப் கொஞ்சம் வற்றும், அதனால் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறீர்கள். முன்னெலும்பின் நுனி உரிவதற்கும் இது காரணமாக இருக்கலாம். லைனருக்கு வெளியே, பின்னுக்கு ஓட்டை வைத்த ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தடிமனைப் பொறுத்து 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று கிடைக்கும். வேலைப் பையில் இரண்டு வைத்திருங்கள். நாளுக்குப் பத்துப் பிளைக்கு மேல் தேவைப்பட்டால் சாக்கெட்டையே மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள லைனரும் உதவாது.

போடும் விதமும் முக்கியம். 1980களில் ஐஸ்லாந்தின் ஆஸுர் கிறிஸ்டின்சன் உருவாக்கிய சிலிகான் லைனரே, சுருட்டி ஏற்றுவதை நம்பி அமைந்தது. உள்பக்கம் வெளியே வரும்படி முழுதாகத் திருப்பி, அடிப்பாகத்தை ஸ்டம்ப் நுனியில் காற்றில்லாமல் பதித்து, அப்படியே மேலே சுருட்டிக்கொண்டு போக வேண்டும். சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டினால் தோல் இழுபடும், காற்று உள்ளே நிற்கும். பின் நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வியர்வைக்கு வருவோம். மதுரை வெயிலில் எந்த லைனரும் வியர்க்கத்தான் செய்யும். நடுவில் ஒரு தடவை கழற்றி, ஸ்டம்பையும் லைனர் உள்பக்கத்தையும் துடைத்துப் போடுவதுதான் செலவில்லாத, பலன் தரும் வழி. அலுமினியம் குளோரைடு உள்ள வியர்வைத் தடுப்பான் மருந்தை மருத்துவரிடம் கேட்டு, இரவில், காய்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவலாம். புண்ணின் மேல் மட்டும் கூடாது. ஸ்டம்பில் முடி மழிக்காதீர்கள், லைனர் போடுமுன் பவுடரும் கிரீமும் வேண்டாம். பிளாட்ச்ஃபோர்ட் கம்பெனியின் ‘சில்கேர் பிரீத்’ போன்ற, நுண்துளை வழியே வியர்வையை வெளியேற்றும் லைனர்களும் இருக்கின்றன. நல்ல பொருள்தான், ஆனால் அளவு தவறாக இருக்கும்போது அதற்குப் பணம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதெல்லாம் பார்த்தபின் புதிது வேண்டும் என்றால், உங்கள் ஓட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது மறுபடியும் சிலிகான், அல்லது பாலியூரித்தேன். சிலிகான் உழைக்கும், கழுவ எளிது. எலும்பு துருத்திய ஸ்டம்பில் பாலியூரித்தேன் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும். ஜெல் வகை மிக மென்மை. அதிகம் நடப்பவரிடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். 3 மி.மீ. தடிமனில் முழங்கால் நன்றாக மடங்கும், 6 மி.மீ.யில் மெத்தென்றிருக்கும். முன்பக்கம் தடித்து, முழங்கால் மடியும் பின்பக்கம் மெல்லிதாக உள்ள வகை வண்டி ஓட்டும் உங்களுக்குப் பொருந்தும்.

பின் லாக்கில் ஒவ்வொரு அடியிலும் காலைத் தூக்கும்போது ஸ்டம்ப் நுனி கீழே இழுபடும். ஷட்டிலில் பாய்ந்து திரும்பும்போது இது இன்னும் தெரியும். ரப்பர் வளையமும் ஒருவழி வால்வும் வைத்து, காற்றை வெளியேற்றி உறிஞ்சிப் பிடிக்கும் சக்ஷன் முறையில் அந்த இழுப்பு குறைவு. ஆனால் ஸ்டம்ப் அளவு பகலில் நிறைய மாறினால் காற்றுப் பிடிப்பு விட்டுப்போகும். அதோடு, பின் லாக்கிலிருந்து சக்ஷனுக்கு மாறினால் பெரும்பாலும் புதிய சாக்கெட்டே தேவைப்படும். லைனர் தடிமனை மாற்றினாலும் பழைய சாக்கெட் சரியாக உட்காராது. அதனால்தான் ஆன்லைனில் லைனரை மட்டும் வாங்காதீர்கள் என்கிறேன். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள புராஸ்தெட்டிஸ்ட் (செயற்கைக் கை, கால் பொருத்தும் நிபுணர்) ஒருவர் உங்கள் காலைப் பார்த்தே சொல்ல வேண்டும். சென்னை கே.கே. நகரின் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கான பிரிவுகள் உண்டு.

முடிந்தால் இரண்டு லைனர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். தினமும் இரவில் வாசனையில்லாத மென்மையான சோப்பால் உள்பக்கத்தைக் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். டெட்டாலும் துணி சோப்பும் வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். புதியதை வாங்குமுன் அங்கேயே போட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், வண்டியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள், பிறகு கழற்றித் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு இருபது நிமிடத்துக்குள் மறைய வேண்டும். மறையாத இடத்தைப் புராஸ்தெட்டிஸ்டிடமே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.