பட்டை வளரும் கணக்கு

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருக்கிறேன். மகள் நாகர்கோவிலில் கணினி அறிவியல் முதுகலை படிக்கிறாள். திசுக்கள் வளர்வதைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பதுதான் தன் ஆய்வு என்கிறாள். அவள் காட்டிய திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. பால் வெட்டிய இடத்தில் பட்டை திரும்ப வளர்வதை நாள்தோறும் பார்க்கிறவன் நான். மரத்தில் நடப்பதை மரத்தில் பார்க்காமல் திரையில் ஏன் பார்க்க வேண்டும்? அது உண்மையா, வெறும் படமா? இதை நம்பி அவளை விடலாமா?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பட்டையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. உங்கள் மகளின் துறையை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது பால்வெட்டுத் தொழிலாளியின் கைக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. உட்புறம் ஒதுங்குபவை கட்டையாகின்றன, வெளிப்புறம் ஒதுங்குபவை பட்டையாகின்றன. பால் குழாய்களும் இந்த அடுக்கிலிருந்தே வளையம் வளையமாக உண்டாகின்றன. தாவரவியல் புத்தகத்தில் இதைப் படிக்கும் எவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

நிரல் எழுத உட்காருபவருக்கு அந்த நிம்மதி கிடைக்காது. 'கேம்பியம் செல் இரண்டாகப் பிரியும்' என்று மட்டும் விதி எழுதினால், பிறக்கும் இரண்டும் கேம்பியமாகவே நீடித்து அடுக்கு தடித்துக்கொண்டே போகும். இரண்டில் ஒன்று கட்டையாக மாறட்டும் என்றால், எந்த ஒன்று? தனக்கு உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? மரம் ஆண்டுக்காண்டு பருத்தும் இந்த அடுக்கு மட்டும் ஏன் மெல்லியதாகவே நிற்கிறது? இவற்றுக்குப் பதில் எழுதாமல் நிரல் ஓடாது. புத்தகத்தை வாசிக்கும்போது நாம் தாண்டிப்போன இடங்கள் எல்லாம் இங்கே வழிமறிக்கின்றன.

அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்று உண்டு; ஆய்வுக்கூடங்களில் அதிகம் ஆராயப்படுவது. அதில் பட்டைப் பக்கம் இருந்து உணவைக் கடத்தும் ஃபுளோயம் செல்கள் சிஎல்இ41 என்ற சிறு பெப்டைடை, அதாவது குட்டிப் புரதத் துண்டை, வெளியிடுகின்றன. அது கேம்பியத்தை நோக்கிக் கசிகிறது. கேம்பியம் செல்களில் இருக்கும் பிஎக்ஸ்ஒய் என்ற ஏற்பியில், அதாவது சேதியை வாங்கும் புரதத்தில், அது சேரும்போது பிரிதல் தூண்டப்படுகிறது. இந்த உறவைச் சமன்பாடாக எழுதலாம். வர்ச்சுவல்லீஃப் என்ற மென்பொருள் செல்களைப் பலகோணங்களாகவும், செல்சுவர்களை இழுபட்டு நீளக்கூடியவையாகவும் வைத்துக் கணக்கிடுகிறது. அதில் ஓட்டினால், பெப்டைடு தொலைவுக்கேற்பக் குறைந்துபோகும் என்ற ஒரே காரணத்தால் பிரியும் பகுதிக்கு ஓர் எல்லை விழுவதைக் காணலாம். செல்லுக்குத் திசையைச் சொல்ல வெளியே ஒருவரும் வேண்டியதில்லை. பக்கத்துச் செல்லிலிருந்து வருகிற சேதியே போதும். ஓட்டத்தில் வருவதும் நுண்ணோக்கியில் தெரிவதும் ஒவ்வாவிட்டால், இன்னொரு சேதி எங்கோ இருக்கிறது என்று பொருள். அடுத்த பரிசோதனையை அங்கே தொடங்குகிறார்கள்.

ஆகவே உங்கள் மகளின் திரையில் பெருகுவது மரத்தைப் பற்றிய நம்முடைய கருத்து. கருத்தில் ஓட்டை இருந்தால் அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும். மரம் நம் கருத்தைக் கேட்டு வளர்வதில்லை என்பதால், மரத்தை மட்டும் எவ்வளவு பார்த்தாலும் அந்த ஓட்டை கண்ணில் படாது.

விலங்குகளின் செல்களுக்குத் தடித்த சுவர் இல்லை, அவை இடம்பெயரும். தவளையினக் கருக்களின் செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டால் அவை தாமாகவே இனம் பிரிந்து அடுக்காகச் சேர்வதை 1955-இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃப்ரேட்டரும் காட்டினார்கள். ஒட்டும் வலிமையில் உள்ள வேறுபாடே இதற்குப் போதும் என்பதை 1992-இல் கிரானரும் கிளேசியரும் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். உங்கள் மகள் காட்டிய கட்டங்கள் அந்த வழிமுறையைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

'போதும்' என்ற இடத்தில்தான் அவள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு விதி ஒரு வடிவத்தை உண்டாக்கப் போதுமானது என்பதால், இயற்கையும் அதே விதியைத்தான் கையாள்கிறது என்றாகாது. இரண்டு வேதிப்பொருள்கள் வினைபுரிந்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவினால் வரிகளும் புள்ளிகளும் தாமே தோன்றும் என்று கணித அறிஞர் ஆலன் டியூரிங் 1952-இல் கணக்கிட்டார். பழ ஈயின் கருவில் ஏழு வரிகளாக வெளிப்படும் மரபணு ஒன்று உண்டு. பார்த்தால் டியூரிங் கணக்கேதான். ஆராய்ந்தபோது அந்த ஏழு வரிகளுக்கும் ஐந்து தனித்தனி மரபணுச் சுவிட்சுகள் இருப்பது தெரிந்தது. மாறாக, பவளப்பாறைகளில் வாழும் ஏஞ்சல் மீன் வளரும்போது அதன் வரிகள் விரிந்து அகலாமல், பழைய இடைவெளியைக் காத்தபடி புதிய வரிகள் முளைப்பதை 1995-இல் கோண்டோவும் அசாயும் காட்டினார்கள். டியூரிங் சமன்பாடு சொன்னது அதையேதான். ஒரே கணக்கு மீனுக்குப் பொருந்தியது, ஈக்குப் பொருந்தவில்லை. இதைத் தீர்த்து வைத்தவை உயிருள்ள மீனும் ஈயும். திரையிலிருந்து இந்த வேறுபாடு வந்திருக்காது. முழு உறுப்பையும் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்ற விளம்பரங்களைக் காணும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆகவே அவளைத் தடுக்காதீர்கள், ஆனால் தனியாகவும் விடாதீர்கள். வெட்டாத பட்டையிலும் திரும்ப வளர்ந்த பட்டையிலும் மெல்லிய சீவல்கள் எடுத்து, ஏதேனும் ஒரு கல்லூரித் தாவரவியல் துறையின் நுண்ணோக்கியில் பால் குழாய் வளையங்களை அவள் எண்ணிப் பார்க்கட்டும். எந்தக் காயம் ஆறியது, எது முண்டாயிற்று என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். அவள் எழுதும் விதிகளுக்கு அந்தச் செய்திகள் தேவைப்படும்.

வேலையைப் பற்றி: இந்தத் துறைக்கு வேண்டியவை வகைக்கெழுச் சமன்பாடு என்ற கணிதமும், சி++, பைத்தான் என்ற நிரல் மொழிகளும். இவற்றைத் தேர்ச்சியாகக் கற்றவருக்கு வேறு இடங்களிலும் கதவு திறக்கும். வர்ச்சுவல்லீஃபும், கட்டங்களைக் கொண்டு இயங்கும் கம்ப்யூசெல்3டி-யும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டு மடிக்கணினியிலேயே இன்று தொடங்கலாம்.