25-ஆல் வகுத்துப் பாருங்கள்: அமெரிக்க மசில் கார் கிட் கேள்வி பதில்

1964-ல் பான்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து 1971 வரைக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட் கம்பெனிகள் விட்ட மசில் கார்கள், அதாவது பெரிய என்ஜின் வைத்த வேகமான தெருக் கார்கள், அவற்றின் பிளாஸ்டிக் மாடல் கிட்கள்தான் என் மேசையில் ஏறும். பெரும்பாலும் 1:25 அளவு, அதாவது நிஜக் காரின் அளவை 25-ஆல் வகுத்தால் நம் மாடலின் அளவு. பல வருஷமாக இதே வேலை. கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

அண்ணா, 1:24, 1:25 ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? ஒரு கிட்டோட என்ஜினை இன்னொரு கிட்டுல போடலாமா?

என்ஜினைத் தாராளமாகப் போடலாம். வித்தியாசம் 4 சதவீதம்தான். ஹெமி என்று டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் வரும் பெரிய என்ஜினின் அகலத்தில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம், பானட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாது. சக்கரமும் அப்படித்தான். ஆனால் சாஸி, டாஷ்போர்டு, பம்பர், கண்ணாடி இவற்றை மாற்றிப் போட நினைக்காதீர்கள். 1969 டாட்ஜ் சார்ஜரின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடுவே உள்ள தூரம்) 117 அங்குலம், அதாவது 2972 மி.மீ. அதை 25-ஆல் வகுத்தால் 119, 24-ஆல் வகுத்தால் 124. அந்த 5 மி.மீ. போதும், சக்கரம் வளைவின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

ஸ்ப்ரே டின்னில்தான் பெயின்ட் அடித்தேன். பளபளப்பு நன்றாக வந்தது, ஆனால் பாடியில் இருந்த சின்ன எழுத்துகள் எல்லாம் மூழ்கிவிட்டன. என்ன தப்பு செய்தேன்?

கனம். நம் வேலையில் பாதித் தோல்விக்கு இதுதான் காரணம். நிஜ வண்டியின் பெயின்ட் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு! எந்த ஏர்பிரஷ்ஷாலும் அவ்வளவு மெல்லிசாக அடித்து மூட முடியாது. ஆகவே நாம் அடிக்கும் முதல் கோட்டே அளவுக்கு அதிகம்தான். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கோட்டும் கதவு இடுக்கை நிரப்பும், எழுத்தை முழுங்கும்.

அதனால் இடுக்குகளை முதலில் ஆழப்படுத்துங்கள். நிஜக் காரில் கதவு இடைவெளி 5 மி.மீ. என்றால் நமக்கு 0.2 மி.மீ. கிட்டில் அகலம் சரியாக இருக்கும், ஆழம் இருக்காது. கத்தியின் முதுகால், அழுத்தாமல், பத்துப் பதினைந்து முறை இழுங்கள். சுருள் சுருளாக மெல்லிய பிளாஸ்டிக் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் பாடியைக் கழுவி, ப்ரைமரை இரண்டு மெல்லிய கோட்டாக அடியுங்கள்.

எழுத்துக்கு ஒரு வழி உண்டு. ப்ரைமர் காய்ந்ததும், கலர் அடிக்கும் முன்பே, எழுத்தின் மேல் மெல்லிய அலுமினிய ஃபாயிலை ஒட்டிப் பல்குத்தியால் தேய்த்துப் படியவையுங்கள். அதன் மேல் கலர் அடியுங்கள். கலர் சற்று இறுகியதும், தின்னரில் லேசாக நனைத்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, எழுத்தின் மேல்முகத்தை மட்டும் வருடுங்கள். பெயின்ட் விலகி, உள்ளே இருக்கும் வெள்ளி எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் முதல் சார்ஜருக்கு ப்ரைமர் இல்லாமல், கார் பட்டறையில் அடிக்கும் லாக்கரை நேராகப் பிளாஸ்டிக் மேல் அடித்தேன். பத்து நிமிஷத்தில் கூரை முழுக்க வறண்ட ஏரி மண் மாதிரி வெடித்துவிட்டது. அந்தக் காட்டமான தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அந்த பாடியை இன்னும் வைத்திருக்கிறேன், புதுக் கலரை அதன் அடிப்பக்கத்தில்தான் சோதித்துப் பார்ப்பேன்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துப்போகிறது. கடலோர ஊர், ஈரப்பதம் அதிகம்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரை வாங்குங்கள், கடைக்காரரிடம் ரிட்டார்டர் என்று கேட்டால் தருவார். ஏற்கெனவே பூத்திருந்தால் அதே தின்னரைத் தூரத்தில் இருந்து மெல்லியதாக ஒரு முறை தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இல்லையென்றால் வெயில் ஏறும் நாளுக்குக் காத்திருங்கள்.

சார், பிளக் ஒயர் போட ஆசை. எந்த ஒயர், எங்கிருந்து எங்கே போகணும்?

நல்ல ஆசை. பானட்டைத் திறந்ததும் பார்வை முதலில் போவது அங்கேதான். நிஜ ஒயர் 7 அல்லது 8 மி.மீ. கனம். வகுத்தால் 0.28-லிருந்து 0.32 மி.மீ. பலர் 0.5 மி.மீ. ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் மாதிரி இருக்கும்.

மொத்தம் ஒன்பது ஒயர்: பிளக்குகளுக்கு எட்டு, நடுவில் இருந்து காயிலுக்கு ஒன்று. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே நிற்கிறது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். செவர்லே வி8-லும் (எட்டு சிலிண்டர் என்ஜின்) பான்டியாக்கிலும் அது பின்னால், என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் ஓரம். ஃபோர்டிலும், டாட்ஜ், பிளிமத் வண்டிகளின் 440, 426 ஹெமி என்ஜின்களிலும் (எண்கள் கன அங்குலத்தில் என்ஜின் அளவு) முன்னால். செவர்லேக்கும் அந்த ஹெமிக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, ஒன்றே: 1-8-4-3-6-5-7-2. இரண்டிலும் டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டு வேறு கணக்கு, அங்கே எதிர்ப்பக்கத்தில் 1 முதல் 4, டிரைவர் பக்கத்தில் 5 முதல் 8.

ஹெமி கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் பிளக் சிலிண்டர் ஹெட்டின் நடுவில் உட்காருகிறது. ஆகவே ஒயர் அந்த அகலமான வால்வ் கவரின் நடுவிலேயே உள்ளே இறங்கும், பக்கத்துக்கு நான்கு குழி. சைலென்சர் பக்கமாகக் கீழே வளைத்துவிட்டால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

ஜிடிஓ என்ஜினுக்கு என்ன கலர்? பெட்டிப் படத்தில் சரியாகத் தெரியவில்லை.

1964 என்றால் வெளிர்நீலம். ஆரஞ்சு செவர்லேக்கு. ஃபோர்டுக்கு 1966-லிருந்து அடர்நீலம். தெரு ஹெமிக்கும் (பந்தயத்துக்கு இல்லாமல் சாலை வண்டிக்கு வந்த ஹெமி) ஆரஞ்சுதான். ஜிடிஓவில் 389 கன அங்குல என்ஜின், மூன்று கார்பரேட்டர் வைத்தது 348 குதிரைத்திறன், நான்கு துளை உள்ள ஒரே கார்பரேட்டர் (நான்கு-பேரல்) வைத்தது 325. உங்கள் கிட்டில் இரண்டும் இருந்தால் மூன்றையே வையுங்கள், அந்த வண்டியின் அழகே அதுதான்.

1969 சார்ஜர் ஆர்/டி கிட் இருக்கிறது. மூக்கும் விங்கும் மட்டும் வாங்கி ஒட்டினால் டேடோனா ஆகிவிடுமா?

ஆகாது தம்பி. டேடோனா என்பது பந்தயத்துக்காக டாட்ஜ் செய்த, கூர்மூக்கும் உயர்ந்த பின் விங்கும் வைத்த சார்ஜர். வேலை பின்பக்கத்தில் இருந்து தொடங்குகிறது.

சாதாரண சார்ஜரின் பின் கண்ணாடி இரண்டு சரிவுகளுக்கு நடுவே குழிக்குள் இருக்கும். தெருவில் அது அழகு. பந்தய வேகத்தில் அந்தக் குழியில் காற்று சுழன்று வண்டியைப் பின்னால் தூக்கும். அதனால்தான் டாட்ஜ் முதலில் சார்ஜர் 500-ல் அந்தக் குழியை இரும்புத் தகட்டால் மூடி, கண்ணாடியை மேலே கொண்டுவந்தது. டேடோனா அதன் தொடர்ச்சி. அன்றைய நாஸ்கார் (அமெரிக்க கார் பந்தய அமைப்பு) விதிப்படி 500 வண்டிகளாவது பொதுமக்களுக்கு விற்க வேண்டியிருந்தது, அமெரிக்காவுக்கு 503 செய்தார்கள்.

ஆகவே முதலில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டால் அந்தக் குழியை மூடுங்கள். புதுக் கண்ணாடியை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே தெளிவான ஷீட்டில் வெட்டுங்கள். டிக்கி மூடி முன்பைவிடக் குட்டையாகும், பழைய கோட்டை நிரப்பிப் புதுக் கோடு கீற வேண்டும். பட்டியை ஒரே நாளில் அப்பாதீர்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள், பிறகு 400, 600 வாட்டர் பேப்பர். கலர் அடித்து ஒரு மாதம் கழித்துப் பட்டி சுருங்கி இணைப்புக் கோடு திரும்பத் தெரிவது அவசரத்தால்தான்.

முன்பக்கம் 1970 சார்ஜருடைய ஃபெண்டரும் பானட்டும்தான் நிஜ டேடோனாவில் இருந்தன, அந்தக் கிட்டில் இருந்து எடுங்கள். ஃபெண்டரின் மேல் பின்னோக்கித் திறந்த இரண்டு மேடுகள் உண்டு. முன் கண்ணாடித் தூண்களின் மேல் பளபளப்பான மூடியும் உண்டு. இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

விங் உயரம் 23 அங்குலம், நமக்கு 23.4 மி.மீ. சிலர் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறதாம். செய்யாதீர்கள். டிக்கி மூடி விங்குக்கு அடியில் திறக்க வேண்டும், விங்கும் கூரைக்கு மேலே ஓடும் சுத்தமான காற்றில் நிற்க வேண்டும். 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா பந்தயத் தடத்தில் படி (Buddy) பேக்கர் என்ற பந்தய வீரர் இதே வகை வண்டியில்தான் மணிக்கு 200.447 மைல் தொட்டார். அந்த உயரத்துக்கு மரியாதை கொடுங்கள்.

கண்ணாடி ஒட்டியதும் பனி படிந்த மாதிரி ஆகிவிட்டது.

சூப்பர் க்ளூவின் ஆவி. கண்ணாடிக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையை மட்டும் தொடுங்கள், காய்ந்தால் தெளிவாகிவிடும், தப்பினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

அப்பா 80-களில் வாங்கிய கிட் ஒன்று பிரிக்காமலே பரணில் இருந்தது. திறந்தால் டயர் கண்ணாடியில் ஒட்டி, அந்த இடம் உருகியிருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டவே வேண்டாம். டயரை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. பழைய பெட்டிகளில் சகஜம். டயரை உடனே தனி உறையில் போடுங்கள். கண்ணாடியில் தழும்பு ஆழமில்லை என்றால் 1000, 2000 வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். ஆழமாக இருந்தால் அதே கண்ணாடியை அச்சாக வைத்துப் புது ஷீட்டில் வெட்டுங்கள். கட்டி முடித்த பிறகும் டயர் உட்காரும் ரிம்மில் ஃபாயில் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயும் உருக்கும். அப்பா இருக்கிறார் என்றால் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவில் இருந்து முதல் பாகத்தை அவர் கையாலேயே வெட்டச் சொல்லுங்கள்.