3 × 12 என்றால் 36 அல்ல

கேள்வி: எனக்கு வயது 43. வங்கியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஜிம்மில் சேர்ந்த முதல் நாள், பயிற்சி அட்டையில் 'ஸ்குவாட் 3 × 12' என்றிருந்தது. 36 முறையும் ஒரே மூச்சில் செய்துவிட்டேன். இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை. நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த அட்டையை உங்களுக்கு யாரும் விளக்காததுதான் தவறு.

ஸ்குவாட் நமக்குப் புதிதல்ல. பஸ்கியும் தோப்புக்கரணமும் ஏறக்குறைய இதே அசைவுதான். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப். இடைவிடாமல் 12 ரெப் செய்தால் ஒரு செட். பிறகு ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓய்வு. அதன்பின் அடுத்த செட். இப்படி மூன்று செட் செய்வதுதான் 3 × 12. அட்டையில் எழுதாத அந்த ஓய்வும் பயிற்சியின் பகுதிதான். அது இல்லாவிட்டால் தசை சோர்ந்து, கடைசி ரெப்களில் முதுகு வளையும்.

மூன்று செட் என்ற வழக்கம் பரவியதில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்முக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு முதலில் ஏழு முதல் பத்து செட் வரை கொடுத்தவர், 1948இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் முதல் செட்டுக்குப் பாதி, அடுத்ததற்கு முக்கால், கடைசிக்கு முழுவதும். படிப்படியாக ஏற்றும் இந்த முறை இன்றும் பயன்படுகிறது.

எவ்வளவு எடை என்று கேட்பீர்கள். 12ஆவது ரெப் முடியும்போது 'இன்னும் இரண்டு முடியும்' என்று தோன்ற வேண்டும். இருபது முடிந்தால் எடை போதாது. நீளமான பார்பெல் கம்பி மட்டுமே பெரும்பாலும் 20 கிலோ இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமல்ல; அது ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நீங்கிவிடும். பழக்கமில்லாத தசை, நீண்டபடியே பாரத்தைத் தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. படி இறங்கும்போதும் தொடைத் தசை அப்படித்தான் வேலை செய்கிறது; அதனால்தான் ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கிறது. ஒன்று முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருந்து, பிறகு தானே தணியும். மெதுவாக நடப்பது நல்லது.

ஆனால் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை கடுமையாக வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி தணிந்ததும் எடையில்லாமல் 12 ரெப், ஒரே ஒரு செட் செய்யுங்கள். அடுத்த வாரம் இரண்டு.