டெல்டாவின் பழைய கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடங்கள் சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருப்பது எப்படி?

முதற்காரணம் மண். காவிரி வண்டலில் பாறை கிடையாது. கருங்கல்லுக்குத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம்தான் போக வேண்டும். ஆகவே, மேலே கூர்வளைவுகள் ஐரோப்பிய பாணியில் இருந்தாலும், உடம்பு முழுக்க உள்ளூர்ச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். வெயில் அந்தச் சுவரையும் நேரே தொடாதபடி வளைவுத் தாழ்வாரம் மறித்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மெட்ராஸ் டெரஸ் கூரை. அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்களுக்கு இடையே மெல்லிய செங்கற்கள் குறுக்குச் சாய்வாக, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கியிருப்பது தெரியும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். எத்தனை கைகளின் உழைப்பு!

வரலாற்றைப் பொறுத்தவரை, நாகப்பட்டினத்தை மறக்கக் கூடாது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியை இயேசு சபையினர் 1844இல் அங்கேதான் தொடங்கினார்கள். 1883இல்தான் அது திருச்சிக்கு இடம் மாறியது.

இத்தகைய கட்டடம் உங்கள் ஊரில் இருந்தால், தயவுசெய்து சிமென்ட் பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். கடலோர ஊர்களில் இந்தச் சேதம் இன்னும் வேகமாக நடக்கும்.