வாய்க்காலுக்கு மேற்கேயும் வாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கே: கடலூர்க்காரர்கள் நாங்கள். புதுச்சேரிக்கு அடிக்கடி போனாலும் கடற்கரைச் சாலையையும் நேரு வீதியையும் தாண்டியதில்லை. ஒரே நாளில் ஊரை நன்றாகப் பார்க்க என்ன வழி?
– வாசகி, மஞ்சக்குப்பம்

ப: வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடங்கள். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட நேர்கோட்டுக் கட்ட வரைபடம்தான் இன்றைய வீதிகளுக்கு அடிப்படை. கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும், வழி தவறவே தவறாது.

காலை ஏழு மணிக்குள் பிரெஞ்சுப் பகுதியிலுள்ள துய்மா வீதிக்கு வந்துவிடுங்கள். அது வடக்கு தெற்காக ஓடும் வீதி. கிழக்கு வரிசை வீடுகளின் நிழலில் நீங்கள் நடக்கலாம், எதிர்வரிசை முகப்புகளில் முழு வெயில் விழும். படம் எடுக்க அதுதான் நேரம். மாலையில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வீடுகளில் தெருவிலிருந்து தெரிவது உயர்ந்த மதிலும் வாயிற்கதவும்தான். அழகெல்லாம் உள்ளே தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அதனால் அந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் போதும். 1855இல் கட்டிய தேவதைகளின் அன்னை ஆலயத்துக்குள் மட்டும் அவசியம் போங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல மினுமினுக்கும்.

அதன்பின், கிழக்கே பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டுங்கள். பலரும் தாண்டுவதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். வைசியாள் வீதியில் ஒரு வீட்டின் முன் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் திண்ணை. அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகவே தெருப்பக்கம் இறக்கியது அது. மாடிக்கு வந்தால் வேறு உலகம்: வளைவு சன்னல்கள், சுதை வேலைப்பாடு, கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற இந்தக் கலப்பு வேறெங்கும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதில்லை என்றே சொல்வோம். இதே அமைப்பைப் பெரிய அளவில் பார்க்க ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை இருக்கிறது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவரின் வீடு.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கடைகள் முகப்புகளை மறைத்துவிடும்.

கே: பழைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதி மட்டும் பொரிந்து உதிர்கிறதே, கடல் காற்றாலா?
– வாசகர், முத்தியால்பேட்டை

ப: காற்றிலுள்ள உப்புக்கும் பங்குண்டு. ஆனால் பெரும்பாலும் சிமென்ட்தான் காரணம். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். மேலே சிமென்ட் பூசினாலோ எமல்ஷன் பெயின்ட் அடித்தாலோ அந்த ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு உள்ளேயே படிந்து, செங்கல்லைப் பொடியாக்கிப் பூச்சைத் தள்ளிவிடும். ஈரக்கறைக்கு ஓரடி மேல்வரை சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூச வேண்டும். சில நாட்கள் ஈரம் காயாமல் காக்காவிட்டால் பூச்சு வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள்.

கே: கடற்கரைச் சாலையில் மணலைவிடக் கல்தானே அதிகம்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ப: இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1989 வாக்கில் துறைமுக முகத்துவாரத்தில் கட்டிய தடுப்புகள் அதை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர்ப்பக்கம் அரித்தது. அதைத் தடுக்கக் கொட்டியவையே இந்தக் கற்கள். அண்மையில் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் அங்கே மணல் திரும்பியிருக்கிறது. கற்களில் பாசி வழுக்கும், ஏறாதீர்கள்.

கே: வழியில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் இறங்கலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ப: இறங்கலாம், ஆனால் வரிசை முக்கியம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த குழிகளெல்லாம் மூடியாயிற்று. ஆற்றங்கரை மேட்டில் மரங்களும் பிற்காலத்துச் செங்கல் சுவர் ஒன்றும்தான் மிச்சம். நேராக அங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும். முதலில் ஊருக்குள் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ரோமானியப் பானை ஓடுகளையும் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பும்போது அரியாங்குப்பத்தில் இறங்கிக் காக்காயந்தோப்புப் பக்கம் போனால், எந்த மண்ணில் நிற்கிறோம் என்பது புரியும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.